பூட்டின பீரோவும் ஒரே ஒரு சட்டையும்

மச்சான், உங்க மூளைக்கு விலை வைக்கணும்னா பூந்தமல்லி பஜாரையே எழுதிக் கொடுக்கணும். ஆனா எந்தச் சரக்கு எங்கே இருக்குன்னு கடைக்காரருக்கே தெரியாது!

பாதி தைச்ச ஒன்பது துணியையும் பீரோவில் பூட்டிட்டேன். சாவியைத் தேடாதீங்க, நான் மாங்காட்டுக்குப் போறேன், அதுவும் என்னோட வருது. மிஷின் மேலே கல்யாண மாப்பிள்ளைச் சட்டை மட்டும்தான். அதை வாங்க அஞ்சு மணிக்கு ஆள் வருவார். "ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான் கண்ணுல படணும்"னு டாக்டர் சொன்னாரே.

குழம்பைச் சூடு பண்ணாதீங்க, அடுப்பை மறந்துடுவீங்க. ஆறினாலும் ருசிதான்.

உங்களுக்குக் கவனம் ஒரு இடத்துல நிக்காதது பொறவியிலேயே வந்தது, பெரியவங்களுக்கும் உண்டு, சோம்பேறித்தனம் இல்லைன்னும் அவர் சொன்னார். அது தெரிஞ்சும் நேத்து கடைக்கு வந்த ஆளுங்க முன்னாடி உங்களைச் சோம்பேறின்னு கத்திட்டேன்.

ஷரீஃபா

பி.கு: இந்த வாரம் நீங்க மறந்தது நாலு, நான் கத்தினது ஆறு. ரெண்டு என் பாக்கி.