இரண்டு புட்டி நீல மருந்து

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. நடக்கச் சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. சலவைக்கூடத்தில் புது நீராவி இஸ்திரி வந்தாயிற்று. என் இரண்டு மணிக்கட்டையும் வேகவைத்த பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

நேற்று தோல் டாக்டரம்மா வெளுக்கப் போட்ட வெள்ளைக் கோட்டை வாங்க வந்தார். "இந்தக் கையை எங்கயோ பார்த்திருக்கேனே" என்று, செல்போனில் உன் மருந்துக் கம்பெனி அறிக்கையைத் திறந்து காட்டினார். என் இரண்டு கைகளும் பக்கத்துப் பக்கத்தில். நசுங்கிய கட்டைவிரல் நகம்கூட அப்படியே. புண் எப்படி ஆறுகிறது என்று பார்க்க, வாராவாரம் நீ கேட்டு வாங்கிய படங்கள். கீழே 'தானாக முன்வந்த பெண்' என்று போட்டிருக்கிறதாம். நான் எப்போதடி முன்வந்தேன்?

நீ அனுப்பிய நீல மருந்தில் இருப்பது நம் ரத்தத்திலேயே இருக்கும் பெப்டைடு என்ற ஒரு புரதத் துண்டு, வயதானால் குறைந்துவிடும், தோலைச் சரிசெய்யுமா என்று இன்னும் ஆராய்கிறார்கள் என்றார். அதுவும் இடது கைக்கு மட்டும்தான் என்று அறிக்கையில் இருக்கிறதாம். வலது கைக்கென்று நீ அனுப்பியது சாயம் கலந்த வெறும் தண்ணீராம். "ரெண்டும் ஒரே மருந்துதான்க்கா, கைக்கு ஒண்ணா வச்சுக்கோ" என்றாயே. எரிந்து துடித்த கைக்குத் தண்ணீரா? உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கையை நீட்டியிருப்பேன். கேட்காமல் ஏமாற்றிவிட்டாய்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். ஒரே மருந்துதானே என்று உன் பேச்சை நம்பி, பார்சல் பிரித்த அன்றே இரண்டையும் ஒரே புட்டியில் ஊற்றிவிட்டேன். அலமாரியில் இடமில்லை. இரண்டு கைக்கும் தடவியது அதைத்தான். இடது கை சீக்கிரம் ஆறியது மருந்தால் இல்லை, அது சும்மா இருந்தது. வலது கை மூன்றாம் நாளே இஸ்திரி பிடிக்கப் போய்விட்டது. அதை நீ ஒரு நாளும் விசாரிக்கவில்லை.

அந்தப் படத்தை நம்பி, அடுத்த மாதம் தீக்காயம் பட்டவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கப் போகிறீர்களாம். உன் மேலாளரிடம் நீயே போய் உண்மையைச் சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா. உனக்குச் சோறு போட எனக்கு இன்னும் தெம்பிருக்கிறது. நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அங்கே அதைச் சொல்லும்வரை, போன் பண்ணி "கை எப்படிக்கா இருக்கு" என்று மட்டும் கேட்காதே.

இன்னமும்,
உன் அக்கா