உன் பெயரில் நான் போட்ட கையெழுத்து

நாயுடுபுரம், கொடைக்கானல்
மார்ச் 12

அன்பு மகன் யோகராஜுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்காலை மட்டும் அந்தச் சுகத்தில் சேர்க்க முடியாது. மஸ்கட்டில் நீயும் உன் ரூம் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் சரிம்மா, விடும்மா என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய். இது விடுகிற விஷயம் இல்லை, உட்கார்ந்து முழுசாகப் படி.

நம்ம எவர்கிரீன் ஃபுட்பால் கிளப் விஷயம்தான், சிரிக்காதே. இந்த வருஷம் ஏழு மேட்ச்சில் ஆறு தோல்வி. தோற்பது எனக்குப் புதுசா, நீ ஆடின காலத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நின்று எத்தனை தோல்வி பார்த்திருக்கிறேன். இப்போது தோற்கிற விதத்தைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. வத்தலக்குண்டு மேட்ச்சுக்கு வண்டி சொல்ல மறந்துவிட்டு, பிள்ளைகள் கேரட் லாரியில் மூட்டை மேல் உட்கார்ந்து போனார்கள். ஏன் இப்படி என்று ஒரு கேள்வி கேட்ட கோச்சை அனுப்பிவிட்டார்கள். செக்ரெட்டரி செந்தில்வேல் அண்ணனின் அக்கா மகன்தான் இப்போது ஃபார்வர்டு, பந்து ஒரு பக்கம் போனால் அவன் மறுபக்கம் ஓடுகிறான். இதெல்லாம்கூடப் போகட்டும். போன சீசனில் ஒரு மாசம்தான் என்று சொல்லி, கிரவுண்டை ஒரு ரிசார்ட்காரருக்குக் கார் நிறுத்த விட்டார்கள். மழையில் டயர் இறங்கின பள்ளம் அப்படியே கிடக்கிறது. மசாலாக் கடை ஜலாலுதீன் பாய் மகன் ரஷாத், நம்ம கோல்கீப்பர், அதில் கால் மடங்கி இரண்டு மாசம் கட்டுப் போட்டுக் கிடந்தான். இப்போது அதே கிரவுண்டை ஐந்து வருஷத்துக்கு விடப்போகிறார்களாம். கிரவுண்டு இல்லாமல் பந்தை எங்கே வைத்து உதைப்பது, நம்ம வீட்டு மொட்டைமாடியிலா?

போன ஞாயிற்றுக்கிழமை அதற்குத்தான் கூட்டம். மெம்பர்களைப் பெற்றவர்களும் வரலாம் என்றதால் நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கை தூக்கச் சொன்னபோது வேண்டாம் என்றவர்கள்தான் அதிகம், எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. உடனே செந்தில்வேல் அண்ணன் ஒரு ஃபைலைத் திறந்து, வெளியூர்ப் பிள்ளைகள் பத்தொன்பது பேர் சம்மதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்தால் விடுவது என்றுதான் முடிவு என்று சொல்லிப் பெயர்களை வாசித்தார். நாலாவது உன் பெயர். சபையில் உன் பெயரைக் கேட்டதும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது, அப்புறம்தான் உறைத்தது. அவர் இரண்டு வாரம் முன்னால் வீட்டுக்கு வந்திருந்தார். யோகராஜ் பெயர் மெம்பர் லிஸ்ட்டில் இருக்க ஒரு கையெழுத்து வேண்டும், நீயே போட்டுக் கொடு தங்கச்சி என்று ஒரு தாளை நீட்டினார். அடுப்பில் பால் இருந்தது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே இல்லை. உன் பழைய ஐடி கார்டைப் பார்த்து, நீ கீழே இழுக்கிற கோடு வரைக்கும் அப்படியே போட்டேன். நல்லா வந்திருக்கிறதே என்று எனக்கு ஒரு சந்தோஷம் வேறு.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "அந்தக் கையெழுத்து எம் மகன் போட்டதில்லண்ணே. நான் போட்டது. படிக்காமப் போட்டேன்" என்றேன். காது இரண்டும் சுட்டது எனக்கு. அப்புறம் என் பக்கத்தில் இருந்த கந்தம்மாள் எழுந்து, தன் மகனுக்கும் தான்தான் போட்டதாகச் சொன்னாள். ஜலாலுதீன் பாய் அப்படியானால் இந்த ஓட்டு செல்லாது என்று சொல்லி, கூட்டத்தை ஏப்ரல் இருபதுக்குத் தள்ளிவைக்க வைத்தார். வெளியூர்ப் பிள்ளைகள் அவரவர் கைப்பட எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும் என்று முடிவானது. வாசலில் செந்தில்வேல் அண்ணன் என்னிடம் வந்து, "எங்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்பா இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மதுரை ஏஜென்டிடம் பேசி உன்னை அனுப்பிவைத்ததே செந்தில்வேல் அண்ணன்தான், அடுத்த வருஷம் காண்டிராக்ட் முடியும்போது அவர் ஒரு வார்த்தை கோணலாகச் சொன்னால் பிள்ளை கதி என்ன என்று கேட்கிறார். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. அவர் அப்படிச் செய்கிற மனிதர் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நீ கால் உடைந்து கிடந்தபோது ஜீப்பில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு மலை இறங்கினவர் அவர், அதை நான் மறக்கவில்லை. நம்ம கிரவுண்டில் கோல்போஸ்ட்டை நட்டவரும் அவர்தான். நல்லது செய்த மனிதர் என்பதால் அவர் செய்வதெல்லாம் சரி என்று இத்தனை வருஷம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அதில் பாதித் தப்பு எங்களுடையது.

நீ ஏழாவது படிக்கும்போது ரேங்க் கார்டில் என் கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? மிஸ் கூப்பிட்டுக் காட்டினார்கள், பள்ளிக்கூட ரோட்டிலேயே வைத்து உன்னை அடித்தேன். இன்றைக்கு அதே வேலையை நான் செய்துவிட்டு நிற்கிறேன். என்னை மன்னித்துவிடு ராசா.

தபால் வரப் பதினைந்து நாள் ஆகுமாம், அதனால் வெரசா எழுது. கிளப்புக்குத் தபால் பெட்டி இல்லை, வீட்டு விலாசத்துக்கே அனுப்பு. கிரவுண்டு வேண்டும் என்பது என் ஆசை, உனக்கே தெரியும். ஆனால் அண்ணனுக்கு நீ பட்ட நன்றிக்கடன் உன்னுடையது, உன் வேலையும் உன்னுடையது, நீ யோசித்து எந்தப் பக்கம் எழுதினாலும் அம்மா ஏன் என்று கேட்க மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, ஏசிக் காற்றில் தலையை வைத்துத் தூங்காதே. முருகன் உனக்குத் துணை இருப்பான், நீ நல்லா இருக்கணும். கவரை நன்றாக ஒட்டி அனுப்பு. நான் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

என் பெயரை நானே எழுதும்
உன் அம்மா,
க. ஜெயா