வெயிலுக்கு ஒரு துளை, மழைக்கு ஒரு துளை

இன்று காலை மழையில் நனைந்த மாட்டுக் கயிற்றை அவிழ்க்கப் போனேன். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். எரிச்சல்பட வேண்டிய நேரத்தில் உங்கள் நினைவு வந்து சிரித்துவிட்டேன்.

அடிவாரத்துக்குக் கரண்ட் வந்த பிறகு, மிளகு இறக்கவும் உப்பு ஏற்றவும் தோட்டத்துக்காரர் மோட்டாரில் ஓடும் கயிற்றுக்கூடை போட்டார். கீழே மோட்டார்க் கொட்டகையில் நீங்கள். மேலே மலைவிளிம்பில் கூடையை வாங்கிக் கட்டும் ஆளாக நான். இடையில் மூடுபனி. கூடை வந்து சேர்ந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் கயிறு சுற்றும் உருளையின் சுற்றுகளை வாய்விட்டு எண்ணுவீர்கள். யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பும், கூடை மேலே கயிறு ஓடும் சக்கரத்தில் போய் மோதும். இரண்டு முறை உப்பு முழுவதும் என் தலையில்தான் கொட்டியது.

பிறகு நீங்களே ஒன்று செய்தீர்கள். உருளையோடு சேர்ந்து சுழலும் நீண்ட மரைக்கம்பி, அதன்மேல் ஒரு நட்டு. உருளை ஒரு சுற்று சுற்றினால் நட்டு ஒரு மரை நகரும். குறித்த சுற்று முடிந்ததும் ஒரு முளையைத் தள்ளி சுவிட்சை அணைத்துவிடும்.

“இனி நானும் நாலு வார்த்தை பேசலாமுங்க” என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் வாயை யாராலும் மூட முடியவில்லை.

நனைந்த கயிறு சுருங்கும் என்பது மட்டும் நமக்குத் தோன்றவில்லை. முதல் மழையிலேயே மறுபடி மோதியது. முளையைச் செருக இரண்டு துளை போட்டீர்கள், வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று.

என் மனைவி தாய்வீட்டில் பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு திரும்பிய நாள். கூடையில் ஆள் ஏறக்கூடாதுதான். பச்சை உடம்பு மலையேற வேண்டாமென்று, கூடையிலேயே ஏற்றிவிட முந்தின நாளே நாம் பேசி வைத்திருந்தோம். அன்று விடிந்ததிலிருந்து மேலே நல்ல மழை. பனி விலகிய இடைவெளியில் பார்த்தால் அடிவாரத்தில் சுள்ளென்று வெயில். முளையை வெயில் துளையில்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். கத்தினேன், குரல் எட்டவில்லை. கயிறு நகரத் தொடங்கிவிட்டது. குழந்தையையாவது பிடித்துவிடலாம் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கூடை நான் நின்ற பலகைக்கு நேராக வந்து நின்றது.

அவர்களை வீட்டில் விட்டுவிட்டு, வந்த ஆத்திரத்தில் மலையிறங்கி ஓடிவந்தேன்.

“ஏனுங்க, மேல மழைன்னு பாக்காம மோட்டாரப் போடுவீங்களா? ஏதோ சாமி புண்ணியம், தப்பிச்சாங்க. உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா?”

முழுவதையும் கேட்டுக்கொண்டீர்கள்.

“கூடை தரையத் தொடாம ஒரு சாண் தூக்கலா நின்னுச்சுங்க. கயிறு சுருங்கியிருக்கு, மேல மழைன்னு தெரிஞ்சுது, முளைய மாத்திட்டேன். தண்ணி குடிங்க, மூச்சு வாங்குது.”

சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். மறு வருடமே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

அன்று கூடையில் வந்த குழந்தைக்கு உங்கள் பெயரைத்தான் வைத்தோம். இப்போது ஐந்து வயது. வீடு நிறைந்து கிடக்கிறது, சேட்டையும் அப்படித்தான். நேற்று விதைக்கு வைத்திருந்த சாமையைக் கோழிக்கு வாரி இறைத்துவிட்டான். கையில் குச்சியோடு போய் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதோடு குச்சியைக் கீழே போட்டுவிட்டேன். அந்தப் பெயரை ஒருமுறை திட்டியது போதும்.