நீலக்கல்லை உங்கய்யா கையில் கட்டினது

மம்சாபுரம்
14-3-1993

அன்பு மகன் பால்ச்சாமிக்கு அம்மா எழுதுவது. இங்க நானும் உங்கய்யாவும் மாடு கன்னும் சொகம், அந்தக் காஷ்மீர் குளிர்ல நீ நோய்நொடி இல்லாம இருக்கணும்னு ஆண்டாளைக் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன். இதை உக்காந்து படி, பாதியில கோவம் வந்தாலும் கிழிச்சிராத.

நிச்சயம் முடிஞ்சு நீ ரயில் ஏறின மறுவாரம் உன் மாமனார் சோலைராஜ் வந்தாரு. உனக்கு ஏழரைச் சனி நடக்குன்னு மோதிரத்துல பதிக்க ஒரு நீலக்கல் கொண்டாந்தாரு. சிலோன்ல ரத்தினபுரியில கல்லுக்குழியில இறங்கி வேலை பாத்தப்போ பங்கா வந்ததாம். அசல் கல்லுதான்னு கிண்ணத்துப் பால்ல போட்டுக் காமிச்சாரு, பால்பூரா நீலம் பாஞ்சுபோச்சு. அந்தக் காலத்துல நம்ம பாண்டி நாட்டு ராசாக்களே அங்க இருந்து கப்பல்ல வரவழைச்சுப் போட்டாகளாம், சனி பகவானுக்கு உகந்ததாம், சொன்ன சொல் மாறாதவுக கையில நிலைச்சு நிக்குமாம். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

ஆனா நீலம் பொல்லாத கல்லாச்சே, ஆகாதவுகளைக் கவுத்திருமே, மூணு நாள் கட்டிப் பாக்காம யாராச்சும் போடுவாகளா? நீயோ பார்டர்ல துப்பாக்கி பிடிக்கிறவன். தகப்பனும் மகனும் ஒரே ரத்தந்தானேன்னு நீலத்துணியில முடிஞ்சு சனிக்கிழமை உங்கய்யா கையில கட்டிவிட்டேன். மறுநாளே மனுசன் சைக்கிளோட கம்மாய் மடையில விழுந்து எந்திரிச்சு வாராரு. மூணாம் நாள் கிணத்து மோட்டார் கருகிப்போச்சு. இது ஆகாத கல்லுன்னு, உங்கய்யா எம்புட்டோ சொல்லியும் கேக்காம கல்லையும் திருப்பிக் குடுத்து கல்யாணமும் வேண்டாம்னு சொல்லிவிட்டுட்டேன். ஏலே, நீ இப்ப பல்லைக் கடிப்பேன்னு தெரியும், பொறு.

செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை குருவம்மாள் தனியா வந்து நின்னா, ராஜபாளையத்துல மில்லு ஷிப்ட்டு முடிஞ்சு நேரா பஸ் ஏறி, தலையெல்லாம் பஞ்சோட. அழுவான்னு பாத்தேன், அழலை. கல்லை என் முன்னால வச்சு, அத்தை, சிலோன்ல கலவரத்துக்குப் பயந்து ஓடியாந்தப்போ எங்கம்மா இதைக் கொண்டைக்குள்ள முடிஞ்சு கொண்டாந்தாங்க, மண்டபம் கேம்ப்புல பட்டினி கிடந்தப்பவும் விக்கலை, கல்லு ஆகலைன்னா ஆகலைன்னு சொல்லுங்க, நான் ஆகலைன்னு சொல்லிராதீங்கன்னா. கல்லை எடுத்து முந்தியில முடிஞ்சேன். அவளையும் கூட்டிக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஜோசியர்கிட்ட போனேன். அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு, ஏம்மா, மகனுக்கு எழுதின மருந்தைப் புருசனுக்குக் குடுத்துட்டு மருந்து சரியில்லைங்கியே, அவரு ராசிக்கு நீலம் ஆகவே ஆகாதேன்னு ஏசுனாரு. குருவம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. பாவம், உங்கய்யாவுக்குத்தான் முழங்கால் வீக்கம் இன்னும் வத்தலை.

உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. சிலோன்ல இருந்து வந்த பிள்ளை, மில்லு வேலைக்குப் போறவ, நம்ம வீட்டுக்கு ஒத்து வருவாளான்னு எனக்கு முன்னமே மனசுல ஒரு முள்ளு இருந்துச்சு. கல்லைச் சாக்கு வச்சுக்கிட்டேன். அது தப்பு, பெரிய தப்பு.

கல்யாணம் வைகாசி இருபதுன்னு குறிச்சாச்சு, லீவுக்கு இப்பவே எழுதிப் போடு. கல்லை நீ வந்த பொறவு உன் கையிலயே கட்டிப் பாத்துக்கிடலாம், ஆகலைன்னா பெட்டியில கிடக்கட்டும், கல்யாணம் நிக்காது. குளிர்ல காதை மூடிக்கோ, நேரத்துக்குச் சாப்பிடு. குருவம்மாளுக்கு ஒரு கடிதாசி போடு. அம்மாவை மன்னிச்சிருன்னு அதுல நீ எழுத வேண்டாம், அதைப் பஸ் ஸ்டாண்டுல அவ கையைப் பிடிச்சு நானே கேட்டுட்டேன். அவ என்ன சொன்னான்னு அவளே உனக்கு எழுதட்டும்.

தீர்க்காயுசா இருப்பா,
உன் அம்மா
சுந்தரம்மாள்