ஆறாவது வாரக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் மகள் திரும்பவும் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள் என்று சித்தி சொன்னார். அப்படியென்றால் அந்த வீட்டில் இப்போது நீ மட்டும்தான். அதை நினைத்தால் எனக்கு இங்கே கை ஓடவில்லை.

என் முட்டிவலி அப்படியே இருக்கிறது. அலுவலகம் இன்னும் அதே தையல்கடை மாடிதான், முப்பத்தோரு படி. பழைய கோட்டை நிலத்தைக் கட்டடக்காரர்களிடமிருந்து காப்பாற்ற நன்கொடை வேண்டும் என்று இருபத்து மூன்று வருஷமாக ஊர் ஊராய்க் கை நீட்டிவிட்டேன். கல்யாண வீட்டில் என்னைக் கண்டதும் பெரிய மனிதர்கள் கை கழுவப் போய்விடுவார்கள். உன் மனைவி, நம் வாயாடி, ஒருத்திதான் எதிரே வந்து, "வாங்க அண்ணி, இன்னைக்கு யாரு மாட்டினாங்க?" என்று கேட்பாள். கேலி செய்துகொண்டே வருஷா வருஷம் தன் சம்பளத்தில் கொஞ்சம் அனுப்பியும் வைப்பாள். தம்பி வீட்டிலேயே வாங்குகிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். இருந்தும் வாங்கிக்கொண்டேன்.

நிலம் முழுவதும் கைக்கு வந்துவிட்டது. மண்மதில், அகழி, கடைசியாக வடக்கு மூலையில் அந்தக் காலத்துப் படைவீரர்களைப் புதைத்த மேடு. மேட்டுக்குச் சொந்தக்காரப் பெரியவர் ஏழு வருஷம் இழுத்தடித்தார். அவர் கையெழுத்துப் போடச் சம்மதித்த நாளும், நம் வாயாடியின் உடலை எடுத்த நாளும் ஒன்றாகப் போயிற்று. ஒரு நாள் தள்ளிப்போட்டால் மனிதர் மாறிவிடுவார் என்று பயந்து பதிவு அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். வண்டி கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். வண்டி இருந்தது, தம்பி. என்றோ செத்தவர்களின் எலும்புக்கு இடம் வாங்கப் போனவள், நம் வீட்டுச் சாவுக்கு வரவில்லை.

எங்கள் அலுவலகத்திலிருந்து உனக்கு வந்த அந்தக் கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு நன்கொடை தருபவர் யாராவது காலமானால், ஆறு வாரம் கழித்து அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் போகும். அன்னாரின் நினைவாக ஏதேனும் அளிக்க முடியுமா என்று கேட்போம். அந்த ஆறு வாரத்தை முடிவு செய்தவளே நான்தான். முன்னால் போனால் மனசு நோகும், பின்னால் போனால் கொடுக்கக் கை வராது என்று பயிற்சிக் கூட்டங்களில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து எழுத்தர் என்னவென்று கேட்டார், சொன்னேன். பொறுப்பான மனிதர். நன்கொடையாளர் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே இறந்த தேதியைப் போட்டுவிட்டார். மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொண்டது.

கூடப் பிறந்தவள் ஒரு வரி எழுதவில்லை. அதற்குள் என் அச்சுக் கையெழுத்தோடு 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஒரு காகிதம் உன் வீட்டில் வந்து விழுந்திருக்கிறது. நான் எழுத உட்காராமல் இல்லை. ஊரார் சாவுக்கெல்லாம் எழுதி எழுதித் தேய்ந்துபோன வார்த்தைகளே வந்தன. கிழித்துப் போட்டேன்.

நேற்றுத் தபாலில் உன் பதில் வந்தது. திட்டியிருப்பாய் என்று நினைத்துத்தான் பிரித்தேன். திட்டியிருந்தால் தேவலை. எங்கள் படிவத்தைக் கட்டம் கட்டமாக நிரப்பி, காசோலையும் வைத்திருந்தாய். யார் நினைவாக என்ற இடத்தில் அவள் பெயர். அவருக்கு நீங்கள் என்ன உறவு என்ற இடத்தில் கணவர். எங்கள் அமைப்பில் உங்களுக்கு யாரைத் தெரியும் என்ற இடத்தில் ஒரு கோடு.

ரசீது போட்டுடலாமா மேடம் என்று எழுத்தர் வந்து கேட்டார். வேண்டாம் என்று சொல்லிக் காசோலையை என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அந்த மேட்டில் எனக்குப் பாராட்டு விழா வைத்திருக்கிறார்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அழைப்பிதழ் அடித்தாயிற்று, எங்க மானம் என்ன ஆவது என்று குழுவில் ஒரே கூச்சல். இதை ஏதோ தியாகம் என்று நினைத்துவிடாதே. வர வேண்டிய நாளில் வராதவள் இப்போது உன் வீட்டுக்கு வருவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வண்டி ஏறுகிறேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்துவிடுவேன். நிலையத்துக்கு நீ வர வேண்டாம். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசவும் வேண்டாம். சமையலறைப் பக்கம் எங்காவது இருந்துகொள்கிறேன். காசோலையைக் கையோடு எடுத்து வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீயும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். எத்தனையோ பேர் வாசலில் நின்றவள் நான். திறக்காவிட்டால் பேசாமல் அடுத்த வாசலுக்கு நடந்துவிடுவேன். உன் வாசலை விட்டு அப்படிப் போக என்னால் முடியாது. கதவைத் திற, கண்ணா.

உன் அக்கா