எனக்கு ஊற்றிய பால்

ரிஷிவந்தியம்

மகன் தமிழழகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன், அதனால் உனக்கு ஏதும் தொந்தரவு என்றால் பொறுத்துக்கொள்ளவும். அங்கே கனடாவில் நீயும் தேவிப்ரியாவும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க அர்த்தநாரீஸ்வரர் துணை. இதை உன் அக்கா படமெடுத்து உனக்கு அனுப்புவாள், போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீதான் பேசுகிறாய், கடிதத்தில் அது முடியாது.

நடந்ததில் போன் கேமராவில் தெரிந்தது மட்டும்தான் உனக்குத் தெரியும், மிச்சத்தைச் சொல்கிறேன். வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல் வாந்தியெடுத்துக் கிடந்த என்னை உன் அக்கா அம்சவள்ளி கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி, பாதையை அடைத்துவிட்டது என்றார்கள். உடனே வயிற்றில் மலம் போக ஒரு வழி திறந்து பை பொருத்தி அடைப்பைத் தீர்ப்போம், உடம்பு தேறியதும் கட்டியை எடுப்போம் என்று டாக்டர் சுபஸ்ரீ சொன்னார். சங்கராபுரத்திலிருந்து வந்திருந்த உன் தாய்மாமன் பச்சமுத்து, "பையன கேக்காம நாம இன்னா முடிவு பண்றது" என்று போனை எடுத்தான். நான் பக்கத்திலேயே கட்டிலில்தான் கிடந்தேன். அடைத்தது குடல், வாய் அல்ல, இருந்தும் என்னை ஒருவரும் கேட்கவில்லை. நீ கடல் தாண்டி இருந்துகொண்டு, "எழுபத்தெட்டு வயசுல எதுக்குக் கத்தி, வூட்டுக்கு இட்டுக்கினு போங்க, நிம்மதியா போவட்டும்" என்று தீர்ப்புச் சொன்னாய். நீ படித்தது கம்ப்யூட்டர். என் குடலைப் பற்றி இத்தனை உறுதியாகப் பேச எந்த வருஷத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. "போன வாரம் வரைக்கும் கரும்புக்குத் தண்ணி கட்டுனவருங்க, நாங்க வயச வெட்றதில்ல, கட்டியத்தான் வெட்றோம்" என்று டாக்டர் சொன்னது பச்சமுத்துவுக்கு ஏறவில்லை. மூக்கில் போட்ட குழாயை எடுக்கச் சொல்லி என்னை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

வீட்டுக்கு வருமுன்பே பங்காளிகள் கூடியிருந்தார்கள். சாகிறவன் வாயில் பால் ஊற்ற வேண்டுமல்லவா. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், ஆனால் குடல் அடைத்தவனுக்கென்று முறையில் விலக்குக் கிடையாது. வரிசையில் நின்று ஊற்றினார்கள். பச்சமுத்து ஒரு கையில் போனும் மறு கையில் கரண்டியுமாக வந்து, "மாமா, வாயத் தொறங்க, இது தமிழழகன் ஊத்தறதுங்க" என்றான். நீ போனில் கைகூப்பி நின்றாய். உன் முதுகுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் தெரிந்தது, நல்ல பெரிய ஃப்ரிட்ஜ். ஊற்றிய பால் அத்தனையும் அவன் வெள்ளை வேட்டியில் திரும்பி வந்தது, உன் பங்கும் சேர்த்து. "இன்னா மாமா, இன்னும் நேரம் வரலியா" என்று கேட்டான், வேட்டியைப் பிழிந்துகொண்டே. வண்டியைக் கூப்பிடுடா, செத்தால் ஆஸ்பத்திரியில் சாகிறேன் என்றேன். அவன் உன்னைக் கேட்க மறுபடி போனைத் தூக்கினான். அதற்குள் அம்சவள்ளி வண்டி பிடித்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் குடல் வெடித்திருக்கும் என்று டாக்டர் திட்டியதும் அவளைத்தான். உனக்கு வரவேண்டிய திட்டு, அவள் வாங்கிக்கொண்டாள்.

இப்போது வயிற்றில் பை. சங்கடம்தான், ஆனால் கஞ்சி இறங்குகிறது, வாசல்வரை நடக்கிறேன். வருகிற வியாழக்கிழமை கட்டியை எடுக்கிறார்கள். அதற்கும், "அடைப்புதான் போச்சே, இன்னும் எதுக்கு அவர இம்ச பண்றீங்க" என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாய். ஆபரேஷனுக்கு நானே சம்மதம் சொல்லிவிட்டேன். இந்த வயதில் நெஞ்சில் சளி கட்டலாம், இதயம் தடுமாறலாம், தையல் விட்டுப்போகலாம், மேசையிலேயே உயிர் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயத்தை நானே பட்டுக்கொள்கிறேன், அதையும் எனக்காக நீ பட வேண்டாம்.

குழந்தைக்குக் குளிரில் காதை மூடிவிடச் சொல். தேவிப்ரியாவுக்கு என் ஆசிகள். உனக்கும் உண்டு, பெற்றவன் கொடுக்காமல் இருக்க வழியில்லை. ஒன்று மட்டும் மறக்காதே. வியாழக்கிழமை நான் போய்விட்டால் கொள்ளி வைப்பது அம்சவள்ளி. பங்காளிகளிடம் சொல்லிவிட்டேன், குதித்தார்கள், குதிக்கட்டும். சாவுச் செய்தி கேட்டு அடித்துப்பிடித்து டிக்கெட் எடுக்காதே, இங்கே உனக்கு வேலை ஒன்றும் வைக்கவில்லை. பிழைத்துக்கொண்டேன் என்று கேள்விப்பட்டால் வா.

இப்படிக்கு,
உன் அப்பா,
அரங்கநாதன்