உறைமேல் உன் விலாசம்

மார்ச் 4

என் அருமை மருமகளுக்கு,

உன் நலத்தை விசாரித்துக்கொண்டு, தன் நலத்தைப் பற்றி வாய் திறக்காத மாமா எழுதுவது.

இனி நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்த இந்தத் தொண்டையின் மேல் சத்தியம். வண்டி பத்து நிமிடத்தில் வரும் என்று சொன்னபோதும் யாரும் நம்பியதில்லை. எனக்கு அது பழக்கம்தான்.

போன செவ்வாய்க்கிழமை கொட்டோ கொட்டென்று மழை. மீன்களே குடை பிடித்துக்கொண்டு போயின. நான் ஒதுங்கிய இடம், சலவைக்கடை மாடியில் இருக்கும் மனநல உதவி மையம். மனசு சரியில்லாதவர்கள் வாரம் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற இரண்டு அறை. நான் நுழைந்ததும் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். அங்கே உள்ள டீ கெட்டிலில் கப்பல் விடலாம். மையத்தை நடத்துகிற நர்சம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்றார். எல்லோரிடமும் அவர் அப்படித்தான் சொல்வார் என்று பொறாமைக்காரர்கள் சொல்கிறார்கள்.

அங்கே ஒரு வழக்கம். மனசு தெளிவாக இருக்கிற நாளில் ஒவ்வொருவரும் தனக்குத்தானே ஒரு கடிதம் எழுதி, உறைமேல் தன் விலாசத்தையும் எழுதி, ஒரு தகரப் பெட்டியில் போட வேண்டும். இரண்டு வாரம் ஆள் வராவிட்டால் நர்சம்மா அதைத் தபாலில் சேர்ப்பார். அந்தப் பெட்டிக்கு என்னைத் தலைமை அதிகாரியாக நியமித்திருக்கிறார்கள். ஊரிலேயே தெளிவான மண்டை என்னுடையதுதானாம்.

இப்படிக்கு,
பெட்டி அதிகாரி, உன் மாமா

மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

நாள் முழுக்க அடுத்தவர்களுக்குப் பல்செட்டு செய்து, தன் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் மருமகளின் வணக்கம்.

இரண்டு அறையில் ஐம்பது பேரை எப்படி வைத்தீர்கள்? மடித்தா, அடுக்கியா? அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "உன் மாமன் இவ்வளவு அளந்தா எங்கேயோ சரியில்லைன்னு அர்த்தம்டி. போனையும் எடுக்க மாட்டேங்கிறான். என்னன்னு கேளு" என்றாள்.

கேட்கிறேன். ஏன் எடுப்பதில்லை? மழை விட்ட பிறகும் ஏன் அங்கேயே போகிறீர்கள்? அதை மட்டும் எழுதவே இல்லையே.

உங்கள் மருமகள்

மார்ச் 24

கேள்வி மேல் கேள்வி கேட்கும் மருமகளுக்கு,

போனில் என் குரலைக் கேட்டால் ஜனங்கள் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடைமேடைக்கு ஓடிவிடுகிறார்கள். அதனால்தான் எடுப்பதில்லை. மையத்துக்குப் போவது முழுக்க முழுக்க மேற்பார்வைக்கு.

அங்கே ஒரு தையற்காரர் ஒரே திரைச்சீலையை ஒரு மாதமாகக் கையால் தைக்கிறார். நீளம் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது. "எப்பதான் முடியும்?" என்று கேட்டேன். "முடிஞ்சிட்டா நாளைக்கு என்ன பண்றதாம்?" என்றார். உடனே நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

போன வாரம், காலையில் படுக்கையை விட்டு எழும் போட்டி. உலகமே திரண்டது. எனக்கு மூன்றாம் பரிசு. கலந்துகொண்டவர்கள் மூன்று பேர்.

அக்காவிடம் சொல்: தம்பி அமோகமாக இருக்கிறான்.

உன் மாமா

மார்ச் 10. நல்ல நாள்.

மருமகளே,

எனக்கு நானே எழுதச் சொன்னார்கள். மோசமான நாளில் எனக்கு வரும் தபாலை நான் பிரிப்பதில்லை. கதவுக்குப் பின்னால் விழுந்தது விழுந்தபடி கிடக்கிறது. அதனால் உறைமேல் உன் விலாசம். நர்சம்மாவிடம் சொல்லவில்லை.

இது உன் கைக்கு வந்தால், நான் இரண்டு வாரமாக அங்கே போகவில்லை என்று அர்த்தம். வேலையை விட்டதிலிருந்து இப்படித்தான். சில நாள் எழ முடிகிறது. சில நாள் முடிவதில்லை.

வந்து கதவைத் தட்டு. "நல்லாத்தான் இருக்கேன், போ" என்பேன். போகாதே.

ஜோக் சொல்வேன். சிரிக்காதே.

மாமா

ஏப்ரல் 22, உங்கள் வாசற்படி

மாமா,

உங்கள் உறை நேற்று வந்தது. பின்பக்கம் நர்சம்மா எழுதியிருந்தார்: "விலாசம் வேறாக இருக்கிறது. இருந்தாலும் அனுப்புகிறேன். மூன்று தடவை போய்த் தட்டினோம். நல்லாத்தான் இருக்கேன் என்று குரல் மட்டும் வருகிறது."

நானும் தட்டிவிட்டேன். "அடுத்த வண்டி பத்து நிமிஷத்துல இருக்கு, அதுல கிளம்பு" என்றீர்கள். நான் சிரிக்கவில்லை.

இந்தத் தாளைக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். உறை போடவில்லை, பிரிக்கிற வேலை உங்களுக்கு இல்லை. எனக்கு மூன்று நாள் விடுப்பு இருக்கிறது. ரொட்டி இருக்கிறது. படிதான் கொஞ்சம் குளிர்கிறது.

உள்ளே செருப்புச் சத்தம் கேட்கிறது, மாமா.

மே 20

படையெடுத்து வந்த மருமகளுக்கு,

நீ தட்டிய தட்டில் மூன்று தெருக்களின் கண்ணாடிகள் பொடிப்பொடியாயின. பத்தாயிரம் வீரர்களோடு நீ ஏழு நாள் முற்றுகையிட்டாய். நான் ஒற்றைக் கரண்டியோடு தன்னந்தனியாகப் போரிட்டு, கடைசியில் உன் ரொட்டி காய்ந்துபோகிறதே என்று இரக்கப்பட்டுத்தான் கதவைத் திறந்தேன். வரலாறு இப்படித்தான் சொல்லும். நாற்பது நிமிடம் என்று நீ அக்காவிடம் சொன்னது அவதூறு.

நர்சம்மா சொன்ன டாக்டரைப் பார்க்கிறேன். மாத்திரையில் நாக்கு உலர்கிறது. பேச்சு மட்டும் உலரவில்லை. போன வாரம் ஒரு நாள் மையத்துக்குப் போகவில்லை. அடுத்த முறை போனேன்.

பெட்டியில் புது உறை போட்டிருக்கிறேன். நர்சம்மா பார்த்துவிட்டு, "உங்க விலாசத்தை எழுதணும்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார். மறுபடியும் உன் விலாசம்தான். ஆட்சேபம் இருந்தால் எழுது.

முதல் கடிதத்தை நீ நம்பவில்லை. சரிதான். அன்று மழை இல்லை. கெட்டில் சின்னது, ஒழுகும். பெட்டிக்கு அதிகாரி என்று யாரும் கிடையாது. ஐம்பது பேரும் கிடையாது, ஏழே பேர். நாற்காலிகளும் ஏழு. திரும்பிவிடலாம் என்று படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். அப்போது அந்தத் தையற்காரர் திரைச்சீலையைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, "இப்படி உட்காருங்க" என்றார்.

எழுந்து நின்றார்கள் என்று எழுதினேன் அல்லவா? அதில் ஒருவர் மட்டும் நிஜம்.

மாமா